இரண்டாவது லாசரு

என் தம்பி பெண்டாட்டி ஸ்தமாதியாவைப் பற்றி எங்கள் தீவில் ஆளுக்கொன்று சொல்வார்கள். வாயாடி என்பார்கள், அடங்காப்பிடாரி என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அப்படிச் சொல்கிற ஒருவரும் அவளிடம் வாயைக் கொடுத்து ஜெயித்ததில்லை. அவளைப் பற்றி அதிகமாகப் பேசித் திரிந்தவளே நான்தான், பொலிக்சேனி. அதனால் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

அவள் அப்பனுக்கு ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்தவள். இதோடு போதும், நிறுத்து என்று எங்கள் பாஷையில் பொருள்படும்படிதான் ஸ்தமாதியா என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததோடு சரி. ஒரு காரியத்தை எடுத்தால் நிறுத்துகிற பழக்கம் அவளுக்கு இன்றுவரை வரவில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர் கால் முறிந்து படுத்தபோது, நான் ஓட்டுகிறேன் என்று போய் நின்றாள். மலைப்பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவு. பொம்பளை ஓட்டுகிற பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்ற மாட்டோம் என்று காபிக்கடை ஆண்கள் குதித்தார்கள். சரி, நடத்திக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டு வெறும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போனாள். இரண்டு நாள் மழையில் நடந்தார்கள். மூன்றாம் நாள் எல்லாப் பிள்ளைகளும் பஸ்ஸில் இருந்தன.

என் தம்பி இக்னாதிஸ் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். வருஷத்தில் எட்டு மாதம் கடலில்தான். கல்யாணமாகிப் பதினான்கு வருஷமாக அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றி இறக்குகிறவள் வீட்டில் ஒரு சின்னச் செருப்புகூடக் கிடையாது. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. நாங்கள்தான் சொல்லிக்கொண்டே இருந்தோம்.

உயிர்ப்புத் திருநாளுக்கு எட்டு நாள் முன்னால் வரும் லாசரு சனிக்கிழமைதான் எங்கள் ஊரில் பிள்ளைகளின் நாள். கோவில் கூடத்தில் நீளமான மேசை போட்டு, தாய்மாரும் பிள்ளைகளுமாகக் குட்டி லாசரு ரொட்டி பிடிப்போம். தவக்காலம் என்பதால் முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கூடாது. எண்ணெயும் பட்டையும் திராட்சையும் போட்டுப் பிசைந்த மாவு. செத்துப் பிழைத்த லாசரு கல்லறையில் கிடந்த மாதிரி, துணி சுற்றியது போல மாவுத் திரியால் உடம்பைச் சுற்றி, இரண்டு கையையும் மார்பில் குறுக்கே மடித்து, கண்ணுக்கு இரண்டு கிராம்பு குத்த வேண்டும். வீட்டில் எத்தனை பிள்ளையோ அத்தனை லாசரு, ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கூடினால் உரியவன் இல்லாத லாசரு வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பயம். பிள்ளை இல்லாதவள் மாவு பிசையலாம், உருவம் பிடிக்கக் கூடாது.

வீட்டுக்கு எத்தனை பிள்ளை என்று பட்டியல் எழுதி, அதன்படி மாவு உருட்டிக் கொடுப்பது இருபது வருஷமாக என் வேலை. ஸ்தமாதியா கல்யாணமாகி வந்த முதல் வருஷம் ஆசையாகக் கையை நீட்டியபோது, இந்த வருஷம் பிசை, அடுத்த வருஷம் பிடிக்கலாம் என்றேன். நல்ல மனதோடுதான் சொன்னேன். அதையே பதினான்கு வருஷம் சொன்னேன். அவ்வளவு மாவையும் அவள் ஒருத்தியே பிசைந்து கொடுத்துவிட்டு, வெறும் தட்டோடு வீட்டுக்குப் போவாள்.

பதினைந்தாம் வருஷம், தவக்காலம் தொடங்கி இரண்டு வாரத்தில், மிர்சினி வந்தாள். ஆறு வயசு. தாயும் தகப்பனும் இல்லை. அரசாங்க ஆபீசில் மூன்று வருஷம் நடையாய் நடந்து, வளர்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் அவளை ஸ்தமாதியா கூட்டி வந்தாள். அவளுக்கு ஃபானிஸ் என்று மூன்று வயசில் ஒரு தம்பி. அக்காவிடமிருந்து பிரித்து எட்டு மாதமாக அவனைப் பக்கத்துத் தீவில் ஒரு காப்பகத்தில் வைத்திருந்தார்கள். உங்கள் வீட்டில் ஒரு அறைதான் இருக்கிறது, புருஷனும் ஊரில் இல்லை, ஒரு பிள்ளைதான் தர முடியும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அதோடு, இப்போதைக்கு அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டாம், அதை மீறினால் இந்தப் பெண்ணையும் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்றும் எச்சரித்து அனுப்பினார்கள். மனசை ரொம்ப வைத்துவிடாதே, வந்த பிள்ளை போகிற பிள்ளைதான் என்று என் பங்குக்கு நானும் சொல்லி வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்கள். என் பட்டியலில் ஸ்தமாதியாவின் பெயருக்கு நேரே நான் எதுவும் எழுதவில்லை. இருந்தாலும் குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு உருண்டை மாவு கொடுத்தேன். பெரிய மனசு பண்ணிவிட்டதாக எனக்கு நினைப்பு. கொஞ்சம் கூடவே கொடுத்தேன், தாராளமாக.

பிள்ளைகள் பிடித்துக்கொண்டிருக்கும்போது கதை சொல்வதும் நான்தான். லாசரு செத்து நாலு நாள் ஆகிவிட்டது, கர்த்தர் தாமதமாக வருகிறார், அவனுடைய அக்கா மார்த்தா வீட்டில் உட்கார்ந்து அழாமல் தெருவுக்கே போய் அவரை மறித்து, நீங்கள் இங்கே இருந்திருந்தால் என் தம்பி செத்திருக்க மாட்டானே என்று முகத்துக்கு நேரே கேட்கிறாள். இந்த இடத்தில் மிர்சினி தலையை நிமிர்த்தினாள்.

"அந்த அக்கா கேட்டதும் தம்பியைக் கொடுத்துட்டாரா அத்தை?"

"கொடுத்தாரு. கேட்டாத்தானே கண்ணு கிடைக்கும்."

இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன கதை. என்ன சொல்கிறேன் என்று நானே கேட்டதில்லை. அடுத்த தடவை நான் திரும்பிப் பார்க்கும்போது அவள் முன்னால் இரண்டு லாசரு கிடந்தன. ஒன்று முறையாக இருந்தது. இன்னொன்று சின்னது. அதற்குக் கை மார்பில் மடிக்கப்படாமல் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது.

இதென்ன கூத்து என்று கேட்டேன்.

"பெரிசு எனக்கு. இது ஃபானிஸுக்கு. கையை மடிக்க முடியாது அத்தை. அவன் எப்பவும் தூக்கு தூக்குன்னு நீட்டிக்கிட்டேதான் இருப்பான்."

உரியவன் இல்லாத லாசரு. அதுவும் கை விரித்த லாசரு. யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். வீட்டுக்கு இருக்கிற பிள்ளைக்குத்தான் பிடிக்கணும், இல்லாத பிள்ளைக்குப் பிடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே அந்தச் சின்னதை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டிவிட்டேன். அந்த நேரத்தில் அது எனக்கு ஒரு தவறாகவே தோன்றவில்லை. ஒரு நிமிஷத்தில் தலையும் கையும் போய் வெறும் மாவு உருண்டையாகிவிட்டது. மிர்சினி அழவில்லை. மேசைக்கு அடியில் விழுந்துவிட்ட இரண்டு கிராம்பைத் தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

பெரிய தொட்டியில் முழங்கைவரை மாவோடு நின்ற ஸ்தமாதியா அப்படியே நடந்து வந்தாள். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை.

"அண்ணி, பதினாலு வருஷம் நீங்க சொன்னதைக் கேட்டேன். இன்னைக்கு அந்த மாவைக் கீழ வைங்க."

வைத்தேன். அவள் மிர்சினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிடி கண்ணு, அவன் எப்படிக் கை நீட்டுவானோ அப்படியே பிடி என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளும் ஒரு லாசரு பிடிக்க உட்கார்ந்தாள், கால் பக்கத்தை அவள், கைப் பக்கத்தைக் குழந்தை. பாதிரியார் எட்டிப் பார்த்துவிட்டு, அடுப்பு காய்ந்துவிட்டதா என்று பேக்கரிக்காரனைக் கேட்கிற சாக்கில் நழுவிவிட்டார்.

ரொட்டி வெந்து வந்ததும் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு, மத்தியானப் படகுக்குப் போகிறேன் என்றாள். ஆபீஸ்காரர்கள் சொன்னதை நினைவுபடுத்தினேன். இருக்கிறதும் போய்விடும், உள்ளதும் போச்சடா என்று நிற்கப் போகிறாய் என்று படகுத்துறைவரை சொல்லிக்கொண்டே ஓடினேன். அவள் சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

"தம்பியைக் கேக்காதேன்னு சொல்லி இவளை வளக்குறதா இருந்தா, அது வளக்குறதே இல்ல அண்ணி. பயந்தா நீங்க வராதீங்க."

பயந்துதான் நானும் படகில் ஏறினேன். தனியாகப் போய் வம்பை விலைக்கு வாங்குவாள், கூட இருந்து தடுக்கலாம் என்று கணக்கு. மறுநாள் குருத்தோலை ஞாயிறுக்குச் சுத்தம் பண்ண வேண்டிய மீன் வீட்டுத் தொட்டியில் கிடந்தது. மூன்று மணி நேரம் ரொட்டி மிர்சினியின் மடியில் இருந்தது. வாசனை தாங்காமல் எச்சில் விழுங்கினாளே தவிர, ஒரு திராட்சையைக்கூடக் கிள்ளவில்லை.

காப்பகத்தின் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. வார்டன் அம்மாள் வந்தாள். கெட்டவள் இல்லை, களைத்துப்போனவள். ஆபீஸ் கடிதம் இல்லாமல் திறக்க முடியாது என்றாள். பார்த்துவிட்டுப் போனால் பத்து நாள் அழுவான், இப்போதுதான் மறக்க ஆரம்பித்திருக்கிறான் என்றாள்.

"அவன் மறந்துடக் கூடாதுன்னுதான் வந்திருக்கோம்" என்றாள் ஸ்தமாதியா. "நாலு நாள் ஆச்சு, இனிமே திறந்தா நாறும்னு லாசரு கல்லறைகிட்ட அன்னைக்கும் ஒருத்தர் சொன்னாங்க. திறக்கத்தான் செஞ்சாங்க."

அப்படிச் சொன்னதே மார்த்தாதான் என்று எனக்குத் தெரியும். திருத்துகிற நேரமா அது. கதவைத் திறக்க வேண்டாம், பிள்ளையைக் கதவுவரை கொண்டு வாருங்கள், அதுவரை போக மாட்டேன் என்று அவள் கதவுக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மிர்சினியும் உட்கார்ந்தாள். தடுக்க வந்த நான் முழங்கால் வலியோடு நின்றேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கால் மணி, அரை மணி ஆனது. கடைசியில் வார்டன் அம்மாள் கையை உதறிவிட்டு உள்ளே போனாள்.

ஃபானிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். அக்காவைப் பார்த்தான். அடையாளம் தெரியவில்லை. வார்டன் அம்மாளின் பாவாடைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டான். எட்டு மாதம் அவனுக்கு ஒரு ஆயுள். இதற்காகவா இந்தக் குழந்தையை இவ்வளவு தூரம் கூட்டி வந்தோம் என்று ஸ்தமாதியாவின் மேல்கூட ஆத்திரம் வந்தது. அவள் முகமும் வெளுத்துவிட்டது.

மிர்சினிதான் எங்களைத் தேற்றினாள்.

"ஒண்ணும் இல்ல அத்தை. இருட்டுல இருந்து வந்தா கொஞ்ச நேரம் கண்ணு கூசும்."

துணியை அவிழ்த்து, கை விரித்த லாசருவைக் கம்பி வழியாக நீட்டினாள். அவன் ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு இரண்டு அடி வைத்து வந்து வாங்கி, ஒரு கையைக் கடித்தான். மென்றுகொண்டே அக்காவைப் பார்த்தான். உட்காரு என்று அவள் சொன்னதைக் கேட்டு அங்கேயே உட்கார்ந்தான், கம்பிக்கு அந்தப் பக்கம் அவனும் இந்தப் பக்கம் அவளுமாக.

வார்டன் அம்மாள் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். வந்தவர்களை எழுதித்தான் ஆக வேண்டும், ஆபீசுக்கும் போகும், உங்களுக்குத்தான் கஷ்டம் என்றாள். ஸ்தமாதியா பெயர், ஊர் எல்லாம் சொன்னாள். வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று அடுத்த கேள்வி. ஸ்தமாதியா வாயைத் திறப்பதற்குள் வார்டன் அம்மாள், ஒன்று என்றுதானே ஆபீசில் இருக்கிறது என்று எழுதப் பேனாவை நோட்டில் வைத்துவிட்டாள்.

"ரெண்டு" என்றேன் நான்.

நீங்கள் யார் என்று கேட்டாள்.

"எங்க ஊர்ல வீட்டுக்கு எத்தனை பிள்ளைன்னு எண்ணி எழுதுறவ நான். இருபது வருஷமா ஒரு தடவைகூடத் தப்பா எழுதினதில்ல, இந்த வருஷம் இவ வீட்டைத் தவிர. ரெண்டுன்னு போடுங்க. கையெழுத்து நான் போடறேன். அடுத்த சனிக்கிழமை இவ வருவா. அதுக்கு அடுத்த சனிக்கிழமையும் வருவா. இவளுக்கு நிறுத்தத் தெரியாது, அதையும் சேத்து எழுதிக்கோங்க."

அவள் எழுதவில்லை. நான் கம்பி வழியாகக் கையை விட்டு நோட்டை இழுத்து, நானே எழுதினேன்.