நிமிடத்துக்கு முப்பது கேள்வி

யாழ்ப்பாணத்துத் தீவான நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான் துறைக்கும் இடையில் இன்று படகு ஓடுகிறதா, எத்தனை மணிக்கு வெளிக்கிடுகிறது, இப்போது கடலில் எங்கே நிற்கிறது என்று போனில் காட்டும் சின்னச் சேவை ஒன்றைச் செய்தவள் நான். யாரும் கேட்டுச் செய்யவில்லை. குறிகட்டுவானுக்குக் கிட்ட, மடத்துவெளியில் வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்கு நிரல் எழுதிப் பிழைக்கிறேன். படித்த படிப்பால் ஊருக்கும் ஏதாவது பிரயோசனம் இருக்கட்டும் என்ற எண்ணம், கொஞ்சம் பெருமையும்தான். படகில் ஒரு பழைய போனைப் பொருத்தினோம். அது தான் நிற்கும் இடத்தை எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். நேரம் மாறினால் நெடுந்தீவுத் துறையில் வேலை செய்யும் அண்ணை ஒருவர் பதிவார்.

அதற்கு முன்பு தீவு முழுக்க அந்த அண்ணைக்குத்தான் கோல் எடுக்கும். காற்றுக்காலத்தில் விடிந்தால் பொழுதுபடும்வரை "போட் ஓடுதோ அண்ணை?" என்ற ஒரே கேள்வி. மனிதர் எரிந்து விழுவார். சேவை தொடங்கிய அன்று நான்தான் அவரிடம் சொன்னேன்.

"இனி ஒருத்தருக்கும் பதில் சொல்லாதேங்கோ அண்ணை. போனில பாருங்கோ எண்டு சொல்லிப்போட்டு வையுங்கோ."

அவருக்குப் பெரிய ஆறுதல். எனக்கும் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி இருந்தது.

தொல்லை வெளிநாட்டிலிருந்து வந்தது. ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் வாசலை எங்கள் தொழிலில் ஏபிஐ என்போம். விரும்பியவர் பாவிக்கட்டும் என்று அந்த வாசலை நான் திறந்தே விட்டிருந்தேன். குளிர் நாடுகளில் இருக்கும் எங்கள் சனம் அதைக் கண்டுபிடித்துவிட்டது. வரைபடத்தில் படகு ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளி ஊர்ந்து போவதை வீட்டு டிவியில் நாள் முழுக்கப் போட்டுவைத்துப் பார்த்தார்கள். ஒரு புண்ணியவான் நொடிக்கொரு தரம் கேட்கும்படி நிரலே எழுதியிருந்தார். எதற்கு என்று எழுதிக் கேட்டேன். "சும்மாதான். பாத்துக்கொண்டிருக்க ஒரு சந்தோசம்" என்று பதில் வந்தது. அவருடைய சந்தோசத்தில் என் சேர்வர் ஒரே வாரத்தில் மூன்று தரம் விழுந்தது.

எனக்குக் கோபம் வந்தால் வேலை மளமளவென்று நடக்கும். ஒரே மூச்சில் உட்கார்ந்து ஒரு கட்டுப்பாடு எழுதினேன். ஓர் இணைய முகவரியிலிருந்து நிமிடத்துக்கு முப்பது கேள்விதான். அதற்கு மேல் போனால் படகு விபரம் வராது. அதற்குப் பதிலாக "நீங்கள் அளவுக்கு அதிகமாகக் கேட்டுவிட்டீர்கள். சற்றுப் பொறுத்து முயலுங்கள்" என்று ஒரு வரி வரும். என் வீட்டுக் கணினியிலிருந்து சோதித்துப் பார்த்தேன். முப்பத்தோராவது கேள்விக்கு அந்த வரி வந்தது. திருப்தியோடு எழும்பிப் போய்ச் சாப்பிட்டேன்.

நெடுந்தீவில் என் பெரியம்மாவின் மகள் இருக்கிறா, எனக்கு அக்கா முறை. அத்தானுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு தரம் தவறினாலே உடம்பில் நீர் ஏறி மூச்சு முட்டத் தொடங்கும்.

கட்டுப்பாடு போட்ட அடுத்த கிழமை சோழகக் காற்று பலத்தது. கடல் இன்னும் மோசமாவதற்கு முதல் போய்விடுவோம் என்று ஒரு நாள் காலைப் படகை ஒரு மணித்தியாலம் முந்தி எடுக்கத் தீர்மானித்தார்கள். அன்றைக்கு அந்த ஒரு ஓட்டம்தான். அண்ணை முறையாகப் பதிந்தார். காற்றுச் சத்தம் கேட்டு எழும்பிய தீவு முழுவதும் ஒரே நேரத்தில் போனைப் பார்த்தது. அக்காவும் பார்த்தா. வழக்கமான நேரத்துக்கு அத்தானை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு அவ துறைக்குப் போனபோது படகு இல்லை.

மத்தியானம் அக்காவிடமிருந்து கோல் வந்தது.

"நான் ஒருக்காத்தான் பிள்ளை பாத்தனான். கனக்கக் கேட்டுப்போட்டனாம், பொறுக்கட்டாம். பொறுத்துப் பாத்தன், திருப்பியும் அதுதான். பிழையா எதையும் அமத்திப்போட்டனோ எண்டு பயந்து வைச்சிட்டன். துறைக்கு எடுத்தால் போனில பாருங்கோ எண்டு வைச்சிட்டார். இப்ப என்ன செய்யிறது?"

சேர்வரின் பதிவுகளைத் திறந்தேன். அன்று காலை மறுக்கப்பட்ட அத்தனை கேள்விகளும் ஒரே முகவரியிலிருந்து வந்திருந்தன. போன் கொம்பனிகள் ஒரு பகுதியில் உள்ள எல்லாப் போன்களையும் ஒரே பொது முகவரியால் வெளியே அனுப்புவதுண்டு. என் கட்டுப்பாட்டுக்கு நெடுந்தீவு முழுவதும் ஓர் ஆள். அந்த ஓர் ஆள் நிமிடத்துக்கு முப்பது தரத்துக்கு மேல் கேட்டுவிட்டார், அவ்வளவுதான். புண்ணியவானுக்கோ தனி வீடு, தனி முகவரி. அன்று காலையும் அவருக்கு நிமிடத்துக்கு முப்பது பதில் ஒழுங்காகப் போயிருந்தது.

இது எனக்குத் தெரியாத விஷயம் என்றால் மனம் கொஞ்சம் ஆறும். என்னோடு வேலை செய்யும் வெளிநாட்டுக்காரருக்கு இதையே நான் வகுப்பெடுத்திருக்கிறேன். என் வீட்டில் தனி இணைப்பு இருந்தது, அதில் சோதித்தேன், அக்காவின் போனை நினைக்கவே இல்லை. அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

மறுநாள் படகே ஓடவில்லை. பின்னேரம் அத்தானுக்கு மூச்சிழுப்புக் கண்டு, அவசரப் படகொன்றில் அந்தக் கடலுக்குள்ளால் கொண்டுவந்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் பத்து நாளைக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்குப் பிறகு அவரால் பழையபடி நடக்க முடியவில்லை.

துறை அண்ணைக்கு எடுத்து நடந்ததைச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை.

"முந்தி நான் நம்பரைப் பாத்துத்தான் தூக்கிறனான் பிள்ளை. வெளிநாட்டு நம்பரெண்டால் அடிக்கட்டும் எண்டு விட்டிடுவன். வருத்தக்காரர் வீட்டு நம்பரெல்லாம் எனக்குப் பாடம். நீர்தானே ஒருத்தருக்கும் பதில் சொல்ல வேண்டாம் எண்டனீர்."



அன்றே எல்லாவற்றையும் மாற்றினேன். கட்டுப்பாடு இப்போது ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி. வெளிநாட்டிலிருந்து வரும் கேள்விக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு பதில்தான். புண்ணியவான் கோபித்து மின்னஞ்சல் போட்டார். நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ தோடம்பழம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தா. விளங்கியதோ தெரியாது. "நீர் வேணுமெண்டே செய்தனீர்?" என்று மட்டும் கேட்டா.

சில மாதம் கழித்து மறுபடியும் காற்றுக்காலம். அக்காவின் போன் எதுவென்று பதிவில் எனக்குத் தெரியும். அப்படி ஒருவரைத் தேடிப் பார்ப்பது சரியில்லை. ஆனாலும் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் ஒரே ஒரு கேள்வி. சிக்னல் அறுந்து பதில் போய்ச் சேராத நாளிலும் இரண்டாவது கேள்வி இல்லை. உடனே கோல் எடுத்தேன்.

"அக்கா, நீங்கள் எத்தினை தரமும் பாக்கலாம். இப்ப உங்களுக்கு ஒரு தடையும் இல்லை."

"வேண்டாம் பிள்ளை. நாங்கள் கனக்கக் கேட்டால் மற்றச் சனத்துக்குக் கிடையாமல் போயிடும். ஒருக்காப் பாப்பன். தெரியாட்டி, வெள்ளெனவே இவரைக் கூட்டிக்கொண்டு துறையில போய் இருந்திடுவன்."

"இப்ப எங்க நிக்கிறியள்?"

"துறையிலதான்."

படகு வெளிக்கிட இன்னும் இரண்டரை மணித்தியாலம் இருந்தது. போனில் காற்று இரைந்தது. பக்கத்தில் அத்தான் இருமுவது கேட்டது.