பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்த ஊர்கள்

சென்ற இலையுதிர் காலத்தில் டென்மார்க்கில் இருக்கும் என் நண்பனிடம் போய் ஒரு கிழமை நின்றேன். பாரிஸில் வேலையிடத்தில் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லித்தான் லீவு எடுத்தேன். ஊர்களும் சுற்றிப் பார்த்தேன். ஆனால் என்னைக் கூப்பிட்டது நண்பன் அல்ல, அவனுடைய மனைவி.

அவர்கள் இருக்கும் இக்காஸ்ட் நகரத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் அவள் வேலை செய்கிறாள். ஒரு ஞாயிறு பகல், அவன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, வேலையிலை மறதிக்காரர் எத்தினையோ பேருக்குச் சாப்பாடு தீத்திறன். அவையளைக் கண்டால் எனக்கு உடனை விளங்கும். இந்த மனிசனைப் பாக்கேக்கை மட்டும் விளங்குதில்லை. என்ரை கண் பிழையோ எண்டு நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ. காரிலை பக்கத்திலை இருந்து பாருங்கோ. நீங்கள் ஓம் எண்டு சொன்னால் நான் டொக்டரோடை கதைக்கிறன்."

"கதைச்சால்?"

"அவர் கார் ஓடுறதை நிப்பாட்டிப் போடுவினம்."

அவனுக்குக் கார் என்றால் என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியும். இக்காஸ்டில் இருக்கும் தமிழ்ச் சனத்தில் பாதிப் பேரை விமான நிலையத்துக்கு ஏற்றியிறக்கியவன் அவன். கலியாணம், செத்தவீடு, பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் அவனுடைய கார்தான் முதலில் போய் நிற்கும். தொழிற்சாலையில் அவன் யாரோ ஒருத்தன். காரில் ஏறினால்தான் அவன் அவனாக இருப்பான்.

எனக்குக் கார் ஓடத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், உணவகத்துச் சமையலறையில் கோப்பை கழுவி, பிறகு மரக்கறி வெட்டி இவ்வளவு காலத்தையும் போக்கியவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சம். அவனும் நானும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் என்பதால்தான் அவள் என்னைக் கேட்டாள். வேறு யாரையாவது கேட்டிருக்கலாமே என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு போனேன்.

ரயிலால் இறங்கியபோது அவன் மேடையில் நின்றான். என்னைக் கண்டதும், "டேய் மொட்டை, பாரிஸிலை சீப்பு விக்கிறதில்லையோ?" என்றான். எனக்கு மனம் நிறைந்து போனது. அவள் பயந்ததுதான் பிழை என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த நாள் காலை ஜெர்மனிக்குப் புறப்பட்டோம். அவன் சப்பாத்தைக் கொழுவும்போது மனைவி வாசலில் நின்று, "துலைக்கோ?" என்று கேட்டாள். "உதிலை ஒருக்கா" என்றான் அவன். எங்கள் ஆட்கள் வெளிக்கிடுகிறவனிடம் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் பிழைத்துப் போகும். தூரமோ என்று மட்டும் கேட்கலாம். போகிறவனும், நாடு விட்டு நாடு போனாலும், இங்கே பக்கத்தில்தான் என்று சொல்லிவிட்டுப் போவான். டென்மார்க்கிலும் அது மாறவில்லை.

முதலில் பிளென்ஸ்பூர்க் போனோம். எல்லை கடந்தவுடனே வருகிற துறைமுக நகரம். செங்கல்லால் கட்டிய பழைய வாசல் ஒன்று, படிக்கட்டுப் போன்ற முகப்போடு வீதிக்குக் குறுக்கே நின்றது. பழைய பாய்மரக் கப்பல்கள் கரையில் கட்டிக் கிடந்தன. பாய்கள் இல்லை, கம்பங்கள் மட்டும். மழை தூறிக்கொண்டே இருந்தது. ஒரு வீதியில் மேலே கம்பியில் சோடி சோடியாகப் பழைய சப்பாத்துகள் தொங்கின. "ஆரோ பெடியள் எறிஞ்சு துவங்கினது மச்சான், பிறகு எல்லாரும் எறியத் துவங்கிட்டினம்" என்று அவன் சொன்னான். நாங்கள் வீதியின் மறுமுனைக்குப் போய்த் திரும்பி வந்தோம். அதே இடத்தில் நின்று மேலே பார்த்து, "ஆரோ பெடியள் எறிஞ்சு துவங்கினது மச்சான்" என்றான். அதே குரல், அதே சிரிப்பு. நானும் முதல் தரம் கேட்பதுபோலச் சிரித்தேன். ஒரு கதையை இரண்டு தரம் சொல்லாத மனிதர் யார்?

திரும்பும்போது எல்லைக் கடையில் நிறுத்தினான். டென்மார்க்காரர் மலிவுக்காக வந்து குளிர்பானமும் பியரும் பெட்டி பெட்டியாக ஏற்றுகிற கடை. அவனும் தள்ளுவண்டி நிறையக் குளிர்பானப் பெட்டிகளை அடுக்கினான். மனைவியின் தமையன் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்கு வருகிறதாம், வருகிறவர்களுக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டுமாம். வீட்டுக்கு வந்து நானும் அவனுமாக இறக்கினோம். அவன் மேலே போனபின் அவள் என்னைக் கீழ் அறைக்குக் கூட்டிப் போனாள். அங்கே சுவர் உயரத்துக்கு அதே பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"சடங்கு வைகாசியிலை முடிஞ்சுது" என்றாள். "அவர்தான் வாசலிலை நிண்டு எல்லாருக்கும் பன்னீர் தெளிச்சவர்."

பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான், "மலிவாய்ப் போட்டிருந்தவங்கள், அதுதான் வாங்கியிருப்பான்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு மின்விளக்கை அணைத்தாள்.

மறுநாள் சிலேஸ்விக். உயரமான கோபுரம் உள்ள தேவாலயம் ஒன்றைப் பார்த்துவிட்டு, மீன்பிடிகாரர் வாழ்ந்த பழைய குறிச்சிக்கு நடந்தோம். சின்னச் சின்ன வீடுகள், ஒவ்வொரு கதவடியிலும் ரோசாச் செடி, பூ முடிந்து முள் மட்டும் நின்றது. வீடுகள் வட்டமாக நிற்கின்றன. நடுவில் சேமக்காலை. யன்னலைத் திறந்தால் கல்லறைதான் தெரியும். நான் இப்படி ஒரு இடம் கண்டதில்லை.

"இவங்களுக்குத் துடக்கு, தீட்டு ஒண்டும் இல்லையோ?" என்றேன்.

"துடக்கெண்டால் இவங்கள் ஒரு நாளும் கோயிலுக்குப் போகேலாது" என்றான். "நல்ல வசதி, பார். சீவிக்கிற இடத்திலையிருந்து நாலு எட்டு வைச்சால் போதும். என்னை மாதிரி ஆள் கூட வழி மாற மாட்டான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் நடந்தான். அவனுக்குத் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

காரை விட்ட இடம் என்று அவன் கூட்டிப்போன இடத்தில் கார் இல்லை. அது வேறு தரிப்பிடம். இன்னொன்றுக்குப் போனோம். அங்கும் இல்லை. எனக்கு வழி ஞாபகம் இருந்தது. ஆனாலும் நான் முந்தினால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று பின்னால் நடந்தேன். மழை பலத்தது. கடைசியில் ஒரு மூலையில் நின்று, "நீ சொல்லன்" என்றான். நான் கையால் காட்டினேன். காரில் ஏறியபின் கண்ணாடித் துடைப்பானைப் போட்டுவிட்டுப் புறப்பட்டான்.

அன்று திரும்பும் வழியில், டென்மார்க்குக்குள் வந்தபின், ஒரு சுற்றுவட்டத்தில் ஏறி எந்த வழியால் இறங்குவது என்று தெரியாமல் சுற்றினான். ஒரு தரம், இரண்டு தரம். பின்னால் ஒரு பாரவண்டி கோன் அடித்தது. "மூண்டு தரம் சுத்தினால்தானே புண்ணியம்" என்று சிரித்தான். பிள்ளையார் கோயிலைச் சுற்றுவதுபோல் ஒரு கையை எடுத்துக் கும்பிட்டும் காட்டினான். நானும் சிரித்தேன். வீட்டில் அவள் கண்ணால் கேட்டாள். "பயணம் நல்லாய்த்தான் இருந்தது, தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன்.

மூன்றாவதாக ஹூசும். மேற்குக் கடற்கரையில் இருக்கும் சாம்பல் நிற ஊர். போகும் வழியில் அவன் நன்றாக ஓடினான், நன்றாகவும் கதைத்தான். அந்தக் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தரம் வற்றிப்போய்த் திரும்ப வரும் என்று, தான் தொழிற்சாலைச் சிநேகிதரோடு அங்கே சேற்றில் நடந்த கதையைச் சொன்னான். நாங்கள் போன நேரம் வற்றுத்தான். துறைமுகத்தில் தண்ணீர் இல்லை. படகுகள் கறுத்த சேற்றில் சரிந்து கிடந்தன. கடற்புறாக்கள் சேற்றைக் கொத்திக்கொண்டு திரிந்தன. ஒரு கடையில் இறால் வைத்த பாண் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கரையோரத் திட்டில் இருந்தோம்.

அவன் கடிக்காமல் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், தண்ணி எங்கை போட்டுது?" என்றான்.

பகிடி என்று நினைத்து அவன் முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. பயந்த முகம். "வரும்" என்றேன். "பின்னேரம் வரும். நீதானே சொன்னனி." அவன் "ஓம், ஓம்" என்றான். பாணைத் தாளில் சுற்றி வைத்துவிட்டான். அதன்பின் ஊர் பார்க்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. வீடு வரும்வரை ஒவ்வொரு வழிகாட்டிப் பலகையையும் நான் வாய்விட்டு வாசித்தேன். எனக்கு அந்தச் சொற்கள் விளங்காது, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அவன் பிழை திருத்துவதுபோல் சரியாகச் சொல்லி, அந்த வழியிலேயே காரைத் திருப்பினான். இரண்டு பேரும் அதற்கு ஒரு பெயரும் வைக்கவில்லை.

மறுநாள் லூபெக் போவதாக இருந்தது. நான் குளித்துவிட்டு வந்தபோது அவன் இல்லை, காரும் இல்லை. மனைவி சமையலறையில் நின்றாள்.

"எங்கை போட்டான்?"

"கேக்கேல்லை. துலைக்கோ எண்டன். உதிலை ஒருக்கா எண்டார்." வாளியைக் கழுவித் தண்ணீரை ஊற்றியபடி சொன்னவள், சொல்லி முடித்ததும் நின்றுவிட்டாள். "கேட்டிருக்க வேணும், என்னண்ணை? கொஞ்ச நாளாய் உதைத்தான் எல்லாத்துக்கும் சொல்லுறார். எங்கையெண்டு அவருக்குத் தெரிஞ்சுதான் சொல்லுறாரோ தெரியேல்லை."

தொலைபேசி எடுத்தோம். மணி அடித்தது, எடுக்கவில்லை. அவள் யன்னலடியில் நின்றாள். நான் வாசலுக்கும் மேசைக்கும் நடந்தேன். வீதியில் ஒவ்வொரு கார்ச் சத்தத்துக்கும் அவள் தோள் அசைந்தது. மத்தியானம் ஆகிவிட்டது. சமைத்த சோறு மூடியபடி இருந்தது.

அப்போது என் தொலைபேசி அடித்தது. அவன்தான்.

"டேய், எங்கை நிக்கிறாய்? எத்தினை ரெயில் வந்து போட்டுது, உன்னைக் காணேல்லை. விட்டிட்டியோ?"

"அங்கேயே நில், வாறன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எங்கையாம்?"

"ஸ்ரேசனிலையாம்."

"ஆரைக் கூட்டிவர?"

"என்னைத்தான்."

அவள் என்னைக் கூப்பிட்டுக் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் அவ்வளவுதான். அவள் கதிரையை இழுத்து இருந்தாள். நான் கூட வரச் சொன்னபோது, "என்னைக் கண்டால் அவருக்கு வெக்கமாய் இருக்கும். நீங்கள் போங்கோ" என்றாள்.

மேடையில் அவன் தனியே நின்றான். மயிர் வாரி, நல்ல மேற்சட்டை போட்டிருந்தான். எதிர்த்திசையிலிருந்து, வீதிப் பக்கமாக நான் நடந்து வருவதைக் கண்டு முதலில் சிரித்தான். பிறகு என் கைகளைப் பார்த்தான். கையில் பை இல்லை. காலில் அவன் வீட்டுச் செருப்பு. அவசரத்தில் அதைத்தான் கொழுவியிருக்கிறேன். அவன் சிரிப்பு மெல்ல நின்றது.

"எப்ப வந்தனி?" என்றான்.

பொய் சொல்லியிருக்கலாம். மூன்று நாளும் சொன்னேனே. ஆனால் அவன் என் கண்ணைப் பார்த்துக் கேட்டான்.

"திங்கக்கிழமை."

"எங்கையும் போனனாங்களோ?"

"போனனாங்கள். மூண்டு ஊர் காட்டினனி."

வாங்கில் இருந்தோம். அவன் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிளென்ஸ்பூர்க்கும் சிலேஸ்விக்கும் சொல்லும்போதே அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஹூசுமுக்கு, "தண்ணி எங்கையெண்டு கேட்டனான், என்ன?" என்றான். நான் ஓம் என்றேன். அவன் காற்சட்டைப் பையிலிருந்து கார்த் திறப்பை எடுத்துச் சிறிது நேரம் கையில் வைத்திருந்துவிட்டு என்னிடம் நீட்டினான். "எனக்கு ஓடத் தெரியாது" என்றேன். "அதுதான் உன்னட்டைத் தாறன்" என்றான். காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வீட்டுக்கு வந்தோம்.

சாப்பிட்டு முடிந்ததும் அவள் டொக்டரின் இடத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். மேசையில் எங்களுக்கு முன்னால் இருந்துதான் கதைத்தாள். டேனிஷ் மொழி எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. அவள் குரல் வேலையிடத்துக் குரலாக, ஒரே சீராக இருந்தது. அவன் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் ஒட்டிய சோற்றை விரலால் ஒதுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்லுறா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"என்னைப் பற்றி."

"என்னவாம்?"

அவன் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டான்.

"எல்லாம் சரியாய்த்தான் சொல்லுறா" என்றான்.