தாதாவைத் தேடி ஊரப்பாக்கம் வரை

இந்த வலைப்பூவில் வழக்கமாக மலை, அருவி, கோட்டை என்று எழுதுகிறவள் நான். இந்த முறை போய்வந்த தூரம் மொத்தமே முப்பது கிலோமீட்டருக்குள். செலவு இருநூற்று ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை. இதையும் ஒரு பயணம் என்று எழுதலாமா என்று யோசித்தேன். ஜனவரி மாதத்து ஞாயிறு ஒன்றில் காலை ஏழே காலுக்குக் கிளம்பி, மதியம் இரண்டரைக்கு வீடு திரும்பினேன். போகும்போது இருந்த ஆளாக வரும்போது நான் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி, இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறேன். வயது நாற்பத்தேழு. எதிர்வீட்டில் நீமா என்ற தான்சானியாப் பெண் இரண்டரை வருஷம் வாடகைக்கு இருந்து கல்லூரியில் படித்தாள். வந்த முதல் நாள், மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். என் காதில் டாட்டா என்று விழுந்தது. வரும்போதே டாட்டா சொல்கிறாளே, என்ன பெண்ணோ என்று நானும் கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். அது 'தாதா' என்றும், அவள் பாஷையில் அக்கா என்று அர்த்தம் என்றும் தெரிய ஒரு வாரம் ஆனது.

எங்கள் வாட்ச்மேனுக்கு இது பெரிய வேடிக்கை. தமிழில் தாதா என்றால் ஏரியாவை ஆட்டிவைக்கும் ரவுடி அல்லவா? "இன்னா மேடம், இந்தப் பொண்ணு உங்கள தாதாவாக்கிட்ச்சி" என்று பார்க்கும்போதெல்லாம் சல்யூட் அடிப்பார்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுக் குளிக்கப் போய்விடுவேன். விசில் எத்தனை என்று எண்ணவே மாட்டேன். நீமாவுக்குக் குக்கர் என்றாலே பயம். முதல் விசிலுக்கே தன் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வராந்தாவில் வந்து நிற்பாள். மூன்றாவது விசில் வந்ததும் என் கிரில் கேட்டைத் தட்டி, "தாதா! மூணு! ஆஃப்!" என்று கத்துவாள். அவள் கற்றுக்கொண்ட தமிழே கிட்டத்தட்ட அவ்வளவுதான். இரண்டரை வருஷம் என் வீட்டுச் சோறு பதமாக இருந்ததற்கு அவள்தான் காரணம்.

படிப்பு முடிந்து அவள் ஊருக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. அதன் பிறகு என்னை யாரும் உரிமையோடு எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்பதே எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. ஆபீசில் மேடம், சர்ச்சில் சிஸ்டர். பஸ் கண்டக்டர்கள் இவ்வளவு நாள் அக்கா என்றார்கள், இப்போது அம்மா என்கிறார்கள். எல்லாம் மரியாதைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்தினால் திங்கட்கிழமை காலைவரை யாருக்கும் நான் யாருமில்லை.

பத்து நாளைக்கு முன் நீமாவிடமிருந்து குரல் செய்தி ஒன்று வந்தது. ஜூன் மாதம் அவளுக்குக் கல்யாணமாம். "தாதா, நீ வரணும். அக்கா இல்லாமல் எப்படி?" என்று ஆங்கிலத்தில் சொல்லியிருந்தாள். நான்கு தடவை போட்டுக் கேட்டேன். பிறகு என் புத்தி சும்மா இருக்குமா? அவர்கள் ஊரில் கல்யாண வழக்கம் என்ன என்று இணையத்தில் தேடப்போய், அங்கே ஓட்டலில் பரிமாறும் பெண், கடையில் நிற்கும் பெண், வழி கேட்கும் முன்பின் தெரியாத பெண் எல்லோருமே 'தாதா'தான் என்று படித்துவிட்டேன். நாம் காய்கறிக்காரம்மாவை அக்கா என்கிறோமே, அதே கணக்கு. அப்படியானால் நானும் அந்த வரிசையில் ஓர் ஆள்தானா? வாய்ச்சொல்லுக்குக் கூப்பிட்டதை நிஜம் என்று நம்பிக் கடல்தாண்டிப் போய், கல்யாணக் கூட்டத்தில் 'இவள் எதற்கு வந்தாள்' என்று நிற்க நேர்ந்தால்? பதிலே அனுப்பவில்லை.

அந்த ஞாயிறு சர்ச்சுக்கும் போகப் பிடிக்கவில்லை. நம் பக்கத்தில்தான் இத்தனை பாஷைக்காரர்கள் இருக்கிறார்களே, இந்த ஒரு சொல்லைச் சொல்லி யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒருநாள் சுற்றிக் கேட்டுவிட்டு வரலாம் என்று தோன்றியது. வேறு வேலையும் இல்லை.

முதல் தாதா தெருமுனையிலேயே கிடைத்தார். பால் பூத்தில் குரங்குக் குல்லாய் போட்ட பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். நம் ஊர்ப் பனிக்கு இது ரொம்ப அதிகம்தான், இருந்தாலும் சேலையூர் விமானப்படைக் குடும்பங்களைத் தேடி வடக்கேயிருந்து வரும் பெரியவர்கள் குல்லாயைக் கழற்ற மாட்டார்கள். "தாதாஜி! தாதா!" என்று ஒரு சின்னப்பெண் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். இந்தியில் அப்பாவின் அப்பா. அவர் அவளைக் குனிந்துகூடப் பார்க்காமல், கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாலுக்குச் சில்லறை எண்ணினார்.

கேம்ப் ரோட்டிலிருந்து தாம்பரம் ஸ்டேஷன் மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கொடுத்தேன்.

"அண்ணா, இந்தப் பக்கம் தாதான்னு கூப்பிடறவங்க எங்க இருப்பாங்க?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

அவர் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஏன் மேடம், எதுனா பிரச்சனையா? எடம் கிடம் மேட்டரா?"

"ஐயோ, ரவுடி இல்லண்ணா! பெங்காலிப் பசங்க அண்ணனை அப்படிக் கூப்பிடுவாங்களாமே."

"அத்தச் சொல்றீங்களா! காலங்காத்தால பேஜார் பண்ணிட்டீங்களே. கல்கத்தா வண்டி வர்ற டைமுல ஸ்டேஷன்ல போய் நில்லுங்க, காது வலிக்கற அளவுக்குக் கேக்கலாம். ஊரப்பாக்கத்துல ஒரு பெங்காலி மெஸ்ஸு கூட கீது. மீன் கொழம்பு நல்லாருக்கும்."

பிளாட்பார டிக்கெட் பத்து ரூபாய். கிழக்கேயிருந்து வரும் வண்டி ஒன்று முக்கால் மணி தாமதமாக வந்தது. முதுகுப் பையும் வாளியுமாக இளைஞர்கள் இறங்கினார்கள். அதில் ஒருவன், "தாதா!" என்று கத்திக்கொண்டே ஓடி, தன்னை அழைத்துப்போக வந்திருந்த அண்ணனைக் கட்டிக்கொண்டான். நான் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய் நின்றேன். ஐந்தே நிமிஷம். அதே பையன் டீ விற்பவரைத் தாதா என்றான், வழி விடாமல் நின்ற போர்ட்டரைத் தாதா என்றான், டிக்கெட் கேட்டவரையும் தாதா என்றான். பையில் கிடக்கும் சில்லறை மாதிரி, கேட்டவருக்கெல்லாம் ஒன்று. இதைத் தெரிந்துகொள்ள இத்தனை தூரம் வந்திருக்கவே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பிவிட்டிருப்பேன். ஆனால் திரும்பினால் வீட்டில் என்ன இருக்கிறது? மீன் குழம்பாவது சாப்பிடலாமே என்று ஊரப்பாக்கத்துக்கு ஐந்து ரூபாய் டிக்கெட் எடுத்தேன்.

பெண்கள் பெட்டியில் கூட்டம் இல்லை. கதவருகே ஒரு மீன்காரம்மா ஈரச்சாக்கு போட்டு மூடிய அலுமினிய அன்னக்கூடையோடு கீழே உட்கார்ந்திருந்தார். பெருங்களத்தூர், வண்டலூர் தாண்டி இருபது நிமிஷத்தில் ஊரப்பாக்கம். அங்கே வண்டி நிற்பதே சில நொடிகள்தான். நான் ஏதோ யோசனையில் கடைசி நேரத்தில் எழுந்து, உட்கார்ந்திருந்த அந்த அம்மாவை உரசித் தாண்டி இறங்கினேன். பிளாட்பாரத்தில் கால் வைத்த பிறகுதான் தோள் காலியாக இருப்பது தெரிந்தது. பையின் வார் அன்னக்கூடையின் காதில் மாட்டிக்கொண்டு உள்ளேயே நின்றுவிட்டது. போன், பர்ஸ், வீட்டுச்சாவி எல்லாம் அதற்குள். பதில் அனுப்பாத அந்தக் குரல் செய்தியும் அதில்தான். வண்டி ஹாரன் அடித்தது.

"அக்கா! அக்கா, பை! அக்கா!"

ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கும்படி அப்படிக் கத்தியது நான்தானா என்று இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. அந்த அம்மா வாரை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. அடுத்த கணம் மொத்தக் கூடையையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். வண்டி அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது.

"இன்னாம்மா நீ, பைய வுட்டுட்டு எறங்கற? கண்ணு எங்க கீது?"

"ஸாரிக்கா. உங்க ட்ரெயின் போயிடுச்சே!"

"கூடுவாஞ்சேரிதான போணும், அடுத்த வண்டில போய்க்கலாம். அத்தவுடு. ஆமா, ஒனக்கு இன்னா வயசு?"

"நாற்பத்தேழு."

"எனக்கு முப்பத்தெட்டு! என்னப் போயி அக்கான்ற. வெய்யில்ல அலஞ்சி மூஞ்சி காஞ்சி பூட்ச்சி, அதுக்குன்னு இப்பிடியா?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"பைய அறுத்துத் தூக்கிப் போட்டிருக்கலாமே. நீங்க எதுக்கு இறங்கினீங்க?"

"அக்கா அக்கான்னு கத்திக்கினு கீற. இன்னா பண்றது, எறங்கிட்டேன்."

அடுத்த வண்டிக்கு இருபத்தைந்து நிமிஷம் இருந்தது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு அது என் தப்பு போலவே உறுத்தியது. "நாத்திகிழம அதுவுமா தனியா எங்க போற? வூட்ல ஆளுங்க இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு யோசித்தேன். இந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. வயதுகூடத் தப்பு. இதற்குமுன் எத்தனை பேரை அக்கா என்று கூப்பிட்டிருப்பேன், கணக்கே இல்லை. ஆனாலும் அந்த நொடியில் நான் கூப்பிட்டது வாய்ச்சொல் இல்லை. உலகத்தில் எனக்கு அவரைவிட்டால் வேறு ஆளே இருக்கவில்லை. இரண்டரை வருஷம் கிரில் கேட்டைத் தட்டியவளிடம் போய், நிஜமாகத்தான் கூப்பிட்டாயா என்று மனதுக்குள் விசாரணை நடத்திக்கொண்டிருந்தேனே!

வண்டி வந்தது. அவர் எழுந்து சேலையைச் சொருகிக்கொண்டு கூடையின் ஒரு காதைப் பிடித்தார். "அக்கா, ஒரு கை குடு" என்றார். சட்டென்று மறு காதைப் பிடித்துத் தூக்கினேன். நல்ல கனம். பெட்டிக்குள் கூடையை வைத்ததும், "பைய பத்திரமா வெச்சிக்கோ!" என்று உள்ளேயிருந்து கத்தினார். வண்டி மறையும்வரை நின்றேன்.

மெஸ் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடை, ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்ட வேண்டும். சோறு, பருப்பு, மீன் குழம்பு தொண்ணூறு ரூபாய். மேஜைக்கு மேஜை தாதா, தாதா என்று ஒரே இரைச்சல். அந்தக் கூட்டத்தில் பெண் நான் ஒருத்திதான். பரிமாறிய பையன் என்னைத் 'தீதி' என்று கூப்பிட்டு, கேட்காமலே இன்னொரு கரண்டி பருப்பு ஊற்றினான். அவர்களுக்கு அக்கா தீதியாம். கடுகெண்ணெய் வாசனை பழகாதவர்கள் பருப்போடு நிறுத்திக்கொள்ளலாம். பையிலிருந்து வந்த மீன் வாசனையை அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில்கள் குறைவு, நேரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தாம்பரத்தில் தூரத்து வண்டிகள் தாமதமாகத்தான் வரும், கையில் தண்ணீர் இருக்கட்டும். திரும்பும்போது தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தால் கேம்ப் ரோட்டுக்கு இருபது ரூபாய்தான். மெஸ் பன்னிரண்டரைக்குள் போனால்தான் மீன் இருக்கும். ஊரப்பாக்கத்தில் இறங்க வேண்டுமானால் வண்டலூரிலேயே எழுந்து கதவுப்பக்கம் வந்துவிடுங்கள், பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் கூச்சப்படாமல் யாரையாவது கூப்பிடுங்கள். வயதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து, ராத்திரிக்கு ஆகட்டும் என்று குக்கரை ஏற்றினேன். அடுப்படியில் நின்றபடியே போனை எடுத்துப் பதிலைப் பதிவு செய்தேன். ஜூனில் வருகிறேன், என்ன சேலை கட்டவேண்டும், அக்கா எங்கே நிற்கவேண்டும் என்று ஏதேதோ கேட்டேன். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, நடுநடுவே குக்கர் வேறு விசில் அடித்தது. திரும்பப் பேச மனமில்லாமல் அப்படியே அனுப்பிவிட்டேன்.

சில நிமிஷத்தில் பதில் வந்தது. ஜூன், சேலை, கல்யாணம் எதைப் பற்றியும் அதில் ஒரு வார்த்தை இல்லை. மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே நீமா கத்தினாள்:

"தாதா! மூணு! ஆஃப்!"