வளையலைக் கழற்றும் கமர் ஜஹான்

கமர் ஜஹான் கண்ணாடி வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு "உஷ்!" என்றால், லஸ் முனையில் பஸ்கூட ஹாரன் அடிக்காது. சரி, பஸ் என் கைச்சரக்கு. ஆஸ்பத்திரி வராந்தா அடங்கிப்போகும் என்பது மட்டும் நிஜம்.

கைக்குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று சோதிப்பது அவள் வேலை. தூங்கும் குழந்தையின் நெற்றியிலும் காதோரத்திலும் ஒயர் ஒட்டுவாள். மின்விசிறியை நிறுத்துவாள். கிறீச்சிடும் செருப்பு வாசலோடு சரி. உள்ளே இத்தனை கெடுபிடி செய்பவள் வெளியே வந்து வாயைத் திறந்தால் தெப்பக்குளத்து மீன் திரும்பிப் பார்க்கும்.

எங்கள் கொள்ளுப்பேரன் சாய்சரணுக்கு நாலு மாதம். கருவிலேயே ஒரு வைரஸ் தொற்றியிருந்தது. பிறந்ததும் செய்த சோதனையில் காது தேறிவிட்டது.

"அப்புறம் மறுபடியும் எதுக்கு? ஆத்துல தாம்பாளத்தைத் தட்டினேன், குழந்தைக்குத் தூக்கிவாரிப் போட்டுது" என்றார் என் வீட்டுக்காரர் கல்யாணராமன். ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்.

"எங்க வெச்சுத் தட்டினீங்க தாத்தா?" என்றாள் கமர் ஜஹான்.

"கட்டில் மேலதான். குழந்தை பக்கத்துல."

"இன்னா தாத்தா! கட்டில் அதிராதா? கொழந்த முதுகால கேட்டுக்கினு கீது. இந்த வைரஸ் நல்லா கீற காதைக்கூடப் பின்னால கெடுக்கும். லேட்டா தெரிஞ்சா பேச்சும் லேட்டாப் பூடும்."

பேராசிரியர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

குழந்தை அங்கே வந்துதான் தூங்கவேண்டும் என்று காலையிலிருந்து அதை விழிக்க வைத்திருந்தாள் எங்கள் பேத்தி மாளவிகா. கவலையில் அவள் சரியாகத் தூங்கி ஒரு வாரம். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள அவளும், துணைக்கு அவரும் உள்ளே போனார்கள். என் வாய் சும்மா இருக்காதாம். எனக்கு வெளியே பெஞ்சு.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. வலது காது நன்றாக இருக்கிறது. இடது காதில் கேட்பது குறைந்துவிட்டது.

"அழுவாத கண்ணு. சீக்கிரமே புடிச்சுட்டோம். டாக்டரைப் பாரு, காது மெஷின் வெச்சுக்கலாம்" என்று மாளவிகாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள் கமர் ஜஹான்.

இதுவரை எழுதி, 'மாட்டுவண்டி மெஷின், ஒரு மணி நேரம் இழுத்தடித்தது' என்று சேர்த்து உரக்கப் படித்தேன். கல்யாணராமன் பேப்பரை இறக்கினார்.

"மெஷினைச் சொல்லாதே. அது அரை மணியில முடிச்சுடுத்து. மாளவிகா குழந்தையோட அசந்து தூங்கிப்போயிட்டா. அந்தப் பொண்ணு ரிசல்ட்டைப் பாத்தா, இவ மூஞ்சியைப் பாத்தா. மெஷினை அணைச்சுட்டு, நாற்காலியைக்கூட நகர்த்தாம பக்கத்துல உட்கார்ந்துண்டிருந்தா, இவளா கண் முழிக்கற வரைக்கும்."