காரைதீவில் இறங்கிய வீடு

என் ராத்தாவின் படிப்பைக் கெடுத்தவன் நான். பத்து வயதில், பகல் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தபடி, ஒரு பொய்யும் சொல்லாமல் அதைச் செய்தேன்.

நாங்கள் நிந்தவூர். என் அக்காவான ராத்தா கல்முனையில் உயர்தரம் படித்தாள். ஆசிரியையாக வேண்டும் என்பது அவளுடைய ஒரே எண்ணம். எங்கள் தெருவில் அப்போது பெண்பிள்ளைகள் தனியாக பஸ் ஏறுவதில்லை. அதனால் என்னையும் அவள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். என் கல்வியில் அக்கறைப்பட்டு அல்ல, அவளுக்குத் துணையாக. வகுப்புப் பையன்களுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. நான் பிந்திப் போகும் நாட்களில் வாசலிலேயே, "வாங்க பொலிஸ் ஐயா, இண்டைக்கும் டியூட்டியா?" என்பார்கள்.

நான் அடிக்கடி பிந்தினேன். காரணம் ராத்தாவின் வயிறு.

பஸ் நிந்தவூரை விட்டதும் அவள் முகம் வெளுக்கும். முன்சீட்டுக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வாள். தொட்டால் கை குளிர்ந்திருக்கும். புத்தகத்துக்குள் வைத்திருக்கும் தேசி இலையை, எலுமிச்சை இலையைத்தான், கசக்கி மூக்கருகே பிடிப்பாள். தலை சுற்றுகிறது, காது அடைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, இந்த பஸ்ஸுக்குள்ளேயே செத்துவிடுவேன் போலிருக்கிறது என்று ஒருநாள் என் காதுக்குள் சொன்னாள். பிறகு வயிறு முறுக்கும். காரைதீவு வந்ததும், "தம்பி, இறங்குவம். கேக்காத, இறங்கு" என்பாள். உயர்தரச் சோதனை நெருங்க நெருங்க இது கூடியது. விடுமுறை நாட்களில் வீட்டில் நன்றாகத்தான் இருப்பாள். அதனால் நான் அதை நோய் என்று நினைக்கவில்லை, வீம்பு என்று நினைத்தேன்.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே முஸ்லிமல்லாத தமிழர் வீடு ஒன்று இருந்தது. முதல் தடவை ராத்தா வேலிக்கு வெளியே நின்று தடுமாறியபோது, அந்த வீட்டு அம்மா ஒன்றும் கேட்காமல் படலையைத் திறந்துவிட்டார். அதன் பிறகு எங்களைக் கண்டால், "வாங்க மகள், வாளி நிரப்பித்தான் கிடக்கு" என்று மட்டும் சொல்வார். ராத்தா வளவின் பின்பக்கம் போவாள். நான் வெளியே நின்று, அடுத்தடுத்துப் போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"வீட்டில சொல்லுவியா?" என்று அவள் கேட்டாள்.

"சொல்ல மாட்டன்."

"வல்லாஹி எண்டு சொல்லு."

"வல்லாஹி, உங்கட வயித்துக் கதைய ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

அந்த வருடம் விளையாட்டுப் போட்டிக்கு அஞ்சலோட்டத்தில் என்னைச் சேர்த்திருந்தார்கள். பயிற்சி காலையில். மூன்று நாள் பிந்தினேன். நான்காம் நாள் என் இடத்தில் வேறொருவன் ஓடிக்கொண்டிருந்தான். மாஸ்டர் என் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்து, வாப்பாவிடம் கொடுக்கச் சொன்னார்.

அன்று மாமா வந்திருந்தார், உம்மாவின் மூத்த சகோதரர். அவருடைய மகனுக்குத்தான் ராத்தாவைப் பேசி வைத்திருந்தார்கள். ராத்தா மீன் ஆணச்சட்டியோடு கதவருகே நின்றாள். வாப்பா சாப்பிட்டுக்கொண்டே கடிதத்தைப் படித்தார்.

"ஒரே பஸ்ஸிலதானே ரெண்டு பேரும் போறீங்க. ஏன் பிந்துற?"

அஞ்சலோட்டத்தில் பறிபோன இடம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. ராத்தாவைப் பார்க்காமலே சொன்னேன். "ராத்தா காரைதீவில இறங்கி ஒரு வீட்டுக்குள்ள போறா. நான் வெளியில நிக்கணும்."

வாப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. மாமாதான் கேட்டார். "ஆர்ர வீடு அது? அங்க ஆரெல்லாம் இரிக்காங்க?"

"ஒரு அம்மா. அவட மகன் ஒருத்தர். சைக்கிள் வச்சிரிக்கார்."

எல்லாம் உண்மை. அந்த மகன் எங்களை ஏறெடுத்தும் பார்த்ததில்லை என்பதை நான் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. வயிற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை, வல்லாஹி சொல்லியிருந்தேன். சத்தியத்தைக் காப்பாற்றிய பெருமை கூட எனக்கு இருந்தது. ராத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆணச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் வாப்பா காரைதீவுக்குப் போய் விசாரித்தார். அந்த அம்மா ஒரு குமர்ப்பிள்ளையுடைய வெட்கத்தைக் காப்பாற்றுவதாக எண்ணி, "பிள்ள தண்ணி குடிக்கத்தான் வாற" என்றாராம். திரும்பி வந்த வாப்பா முற்றத்தில் நின்றபடி, "நிந்தவூர்ல கிணறெல்லாம் வத்திப்போச்சா?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. ராத்தாவின் வெள்ளைச் சீருடை கொடியில் இரண்டு நாள் கிடந்தது. பிறகு உம்மா அதை மடித்து வைத்தார். அவ்வருடமே மாமாவின் மகன் மாப்பிள்ளையாக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

எனக்கு உள்ளே உறுத்தியது உண்மை. ஆனால் ஒரு கணக்குப் போட்டு என்னைத் தேற்றிக்கொண்டேன். பஸ் இல்லாவிட்டால் வயிற்றுநோவும் இல்லை, ஆகவே ராத்தாவுக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன் என்று.

நான் படித்தேன். பட்டம் பெற்றேன். அவள் ஆக விரும்பிய ஆசிரியராக நான் ஆகி, அதிபராக ஓய்வு பெற்றேன். ராத்தா கலியாண வீடுகளுக்கு வருவதில்லை. வந்தாலும் பலரும் ஒன்றாக இருந்து உண்ணும் சஹனில் கை வைக்காமல், வாசலுக்குக் கிட்ட ஒரு கதிரையில் இருந்துவிட்டுப் போவாள். பெருமைக்காரி என்றார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜும்ஆத் தொழுகையில், முன் வரிசையில் நிற்கும்போது எனக்குத் தலை சுற்றியது. காது அடைத்தது. கை குளிர்ந்தது. வயிறு முறுக்க, கதவு எவ்வளவு தூரம் என்பதைத் தவிர வேறு நினைவே இல்லாமல் வரிசைகளைப் பிளந்துகொண்டு வெளியே ஓடினேன். எத்தனையோ சோதனைகளுக்குப் பிறகு கல்முனையில் ஒரு டொக்டர், குடலில் புண்ணோ கட்டியோ இல்லை, ஐபிஎஸ் எனும் குடல் எரிச்சல் நோய் என்றார். பயம் குடலைக் கலக்கும், கலங்கிய குடல் பயத்தைக் கூட்டும், தலைசுற்றும் படபடப்பும் அதோடு சேர்ந்து வரும், உங்கள் வீட்டில் வேறு யாருக்கும் உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்லப் போனவனுக்கு, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த ராத்தாவின் கைகள் நினைவுக்கு வந்தன.

ராத்தாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மல்லி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அண்டைக்கே நான் உம்மாட்டச் சொல்லிட்டன், குசினிக்குள்ள வச்சு. உம்மா என்ட வாயப் பொத்தினா. நோய்க்காரி எண்டு தெரிஞ்சா மாமா வீட்டார் வருவாங்களா, படிப்புப் போனாப் போகட்டும் எண்டா."

"அப்ப என்னில கோபம் இல்லயா ராத்தா?"

"இரிக்கி" என்றாள். மல்லியை இன்னொரு தரம் புடைத்துவிட்டு, "என்ட முகத்தப் பாத்திருந்தா நீ சொல்லியிருக்க மாட்டாய்" என்றாள்.

அந்த டொக்டரிடம் அவளைக் கூட்டிப்போவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த பரிகாரம். பல மாதம் கெஞ்சிய பிறகு போன மாதம் சம்மதித்தாள். ஓட்டோவில் போனோம். காரைதீவை நெருங்கும்போது வியர்த்தது எனக்குத்தான். கம்பியைப் பிடித்தேன். வீதி சாய்ந்தது. ராத்தா என் கையை ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள்.

"தம்பி, ஓட்டோவ நிப்பாட்டுங்க" என்று சாரதியிடம் சொன்னாள்.

எழுபத்தெட்டு வயதில் அவள் இறங்கி, முன்பின் தெரியாத ஒரு வீட்டின் கேற்றைத் தட்டினாள். பழைய வீடு அல்ல, அது எப்போதோ இல்லாமல் போய்விட்டது. ஒரு இளம் பெண் வந்தாள். ராத்தா வீதிக்கே கேட்கும்படி சொன்னாள். "மகள், இவர் என்ட தம்பி. வயிறு சரியில்ல. கக்கூஸுக்குப் போகணும்."

அவ்வளவுதான். அந்தப் பெண் கேற்றைத் திறந்தாள். 

நான் வெளியே வந்தபோது ராத்தா வேலியோரம் வெயிலில் நின்று, போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "திரும்புவம்" என்றாள். டொக்டரைப் பற்றி நான் மறுபடி பேச்செடுத்தபோது ஓட்டோவை நோக்கி நடந்தாள். இன்றுவரை அவள் போகவில்லை.

ஓட்டோவில் ஏறியதும் கைப்பையைத் திறந்து எதையோ என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். தேசி இலை. பையினுள்ளே இன்னும் கிடந்தன, சில பச்சையாக, சில காய்ந்து சுருண்டு, சில தூளாகி. பஸ் பயணத்தை நிறுத்தினால் வயிற்றுநோவும் நின்றுவிடும் என்று பத்து வயதில் கணக்குப் போட்டவன், அந்தப் பையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.