ஓலை போட்ட உப்பு

2005 மழைக்காலம். செயற்கைக்கோள் படத்தின்மேல் வீடு, சாலை, வெள்ளப் பள்ளம் எல்லாவற்றையும் அடுக்கிக் காட்டும் ஜி.ஐ.எஸ். வரைபடத்தை மரக்காணத்துக்குப் போட்டவன் அடியேன்தான். புயல் எச்சரிக்கை வந்ததும், பள்ளத்தில் அதிகக் குடிசைகள் தெரிந்த இடத்துக்கு, என் படத்தை நம்பி, ஆட்களை ஏற்றிவர இருந்த ஒரே பஸ்ஸை அதிகாரிகள் அனுப்பினார்கள்.

டிரைவர் போன் செய்தார். "சார், இங்க ஆளே இல்லீங்க. உப்பளத்துல உப்பைக் குவிச்சு, மழைக்கு ஓலை போட்டு மூடி வச்சிருக்காங்க."

நான் பதற்றத்தில் காலி டம்ளரைக் குடித்தேன், இரண்டு முறை. "அப்போ மீனவக் குப்பத்து ஜனங்க?"

"அவங்க கடலோரம் நிக்கிறாங்க. எந்த ரோடு முழுகாது, சொல்லுங்க. மேப்பு உங்களுது!"

குடிசையில் ஏமாற்றிய படம் மேட்டுச் சாலையிலும் ஏமாற்றுமோ? வேண்டாத சாமியெல்லாம் வேண்டி, வழி சொன்னேன்.

இருட்டுவதற்குள் மறுபடி போன். "எல்லாரையும் ஏத்திட்டு மேட்டுக்கு வந்துட்டோம், நீங்க சொன்ன ரோடு முழுகல. நீங்க மூச்சு விடுங்க சார்."

இப்போது படத்தில் கூரை தெரிந்தால், நேரில் போய், "உள்ள யாருங்க?" என்று கேட்டுவிட்டே புள்ளி வைக்கிறேன். உப்பு இதுவரை பதில் சொன்னதில்லை.