லீவு போட்டவர் வருவார்

“லீவு போட்டாச்சா?”

தொலைபேசியை எடுத்தவரிடம் ஷமீமா கேட்கும் முதல் கேள்வி அதுதான். சலாம், வணக்கம், நலம் விசாரிப்பு எல்லாம் பிறகு. ‘போட்டாச்சு’ என்றால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் பேனாவில் ஒரு சரி. ‘போடணும்’ என்றால் அடுத்த வாரம் மறுபடி அழைப்பாள். ‘போட்டுடலாம்’ என்றால் பெயரையே அடித்துவிடுவாள்.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு பல் கிளினிக்கில் பதினெட்டு வருடமாக முன்பதிவு மேசையில் இருப்பவள். யார் வருவார், யார் டிமிக்கி கொடுப்பார் என்பது குரலிலேயே தெரிந்துவிடும். தமிழ்ச் சித்திரக்கதை ரசிகர்கள் சிங்கப்பூரில் முதல்முறையாகக் கூடும் மூன்று நாள் மாநாட்டுக்கு எத்தனை பேர் வருவார்கள், எத்தனை ஹோட்டல் அறை வேண்டும் என்று கணக்கிடும் வேலை அதனால்தான் அவள் தலையில் விழுந்தது. அவளும் ஒரு சித்திரக்கதைப் பைத்தியம்தான். மேசை இழுப்பறையில் எக்ஸ்ரே உறைகளுக்கு அடியில் எப்போதும் இரண்டு புத்தகம் கிடக்கும்.

மாநாட்டை நடத்தும் ராஜீவ், இணையத்தில் ‘வருகிறேன்’ என்று அழுத்திய இரண்டாயிரம் பேரைப் பார்த்துக் கால் தரையில் படாமல் திரிந்தான்.

“அக்கா, நூத்தி இருபது ரூம் போட்டுடலாம் லா.”

“பட்டன் அமுக்க லீவு வேணாம் தம்பி. பாசிர் ரிஸ்ல இருக்கிற உள்ளூர் ஆளு எம்ஆர்டி ரயில்ல வீட்டுக்குப் போயிடுவான். சென்னையிலேர்ந்து வர்றவங்களுக்கு இங்க ஒரு சித்தி இருப்பாங்க. ஹோட்டல்ல தங்கினா அந்தச் சித்தி ஆயுசுக்கும் பேசமாட்டாங்க.”

அறைகள் காலியாகக் கிடந்தால் வாடகை இவர்கள் கையைக் கடிக்கும். இரண்டாவது மாநாடு என்ற பேச்சே எழாது. குறைத்துச் சொன்னாலோ, கடல் தாண்டி வருபவர் பெட்டியோடு தெருவில் நிற்பார். வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் ஹோட்டலுக்கு எண்ணைச் சொல்லியாக வேண்டும்.

மூன்று வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அந்த இரண்டாயிரத்தில் வெளியூர்க்காரர்கள் முந்நூறு பேரை அழைத்தாள். சித்தி வீட்டுக்காரர்களைக் கழித்தாள். பிறகு அவர்களில் சித்திரக்கதைப் பாத்திரங்களாக வேடம் கட்டுபவர்களைத் திரும்பச் சேர்த்தாள். விரித்தால் ஆறடி வரும் இறக்கையோடு சித்தியின் மூவறை வீட்டில் திரும்பக்கூட முடியாது என்று கோயம்புத்தூர் பாக்கியலட்சுமி அழாத குறையாகச் சொல்லியிருந்தாள். கடைசியில், ஆளுக்கு ஒரு அறை என்று, நாற்பத்தாறு பச்சைச் சரி நின்றது.

வெள்ளி நாலே முக்காலுக்கு ராஜீவ் கிளினிக்குக்கு வந்தான்.

“ரவுண்டா அம்பதுன்னு சொல்லிடலாமாக்கா?”

“லீவு போட்டவங்க நாப்பத்தாறு. மிச்ச நாலு பேரு யாரு?”

பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே போனவன் கடைசிப் பெயரில் நின்றான். ஷமீமா. விடிகாலையில் அரங்கைத் திறக்க வேண்டுமென்று தனக்கும் ஒரு அறை போட்டிருந்தாள். பக்கத்தில் பச்சைச் சரியும் இருந்தது.

“நீங்க லீவு போட்டாச்சாக்கா?”

பதினெட்டு வருடத்தில் டாக்டரிடம் மூன்று நாள் சேர்ந்தாற்போல் அவள் கேட்டதே இல்லை.

“அதெல்லாம் போட்டுட...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

மணியைப் பார்த்தாள். பச்சைப் பேனாவை மூடி மேசையில் வைத்தாள். எழுந்துபோய் டாக்டரின் அறைக் கதவைத் தட்டினாள்.